கியர் கார் பழகுவது: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் பத்தொன்பது வருடமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல், தேவகோட்டை என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. பாதிக் கேள்விகளுக்குப் பதில் இடது காலில்தான் இருக்கிறது என்பதால் அதைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறேன்.

இப்போது ஆட்டோமேட்டிக் வந்துவிட்டதே, கியர் வண்டி எதற்குப் பழக வேண்டும்?

நியாயமான கேள்வி. 2014-ல் மாருதி செலேரியோவில் ஏஎம்டி (கிளட்ச் பெடல் இல்லாமல் வண்டியே கியர் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு) வந்த பிறகு ஆட்டோமேட்டிக் சின்னக் கார்களுக்கும் இறங்கிவிட்டது. உங்கள் வீட்டில் அந்த வண்டிதான் இருக்கிறது, வேறு வண்டியைத் தொடப்போவதில்லை என்றால் தாராளமாக அதையே ஓட்டுங்கள். நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆனால் நம்ம ஊர் நிலவரம் வேறு. ராத்திரி பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு ஐயாவுக்கு நெஞ்சு வலி என்றால் தெருவில் நிற்கும் மூன்று வண்டியில் இரண்டு கியர் வண்டியாகத்தான் இருக்கும். கல்யாண வீட்டில் “கொஞ்சம் வண்டியை நகர்த்துங்க” என்று சாவியைக் கையில் திணிப்பார்கள். கியர் பழகியவர் ஆட்டோமேட்டிக்கை அரை மணி நேரத்தில் பிடித்துவிடுவார். மாறாகப் பழகியவருக்கு அப்படி நடக்காது.

லைசென்ஸில் கியர் கார், ஆட்டோமேட்டிக் என்று தனித்தனியாக உண்டா?

காருக்கு இல்லை. எல்.எம்.வி. (இலகுரக வாகனம்) என்று ஒன்றுதான். இருசக்கர வண்டிக்குத்தான் கியர் உள்ளது, இல்லாதது என்ற பிரிவு. அதனால் சட்டப்படி எதையும் ஓட்டலாம். கால் ஒத்துழைக்குமா என்பது வேறு கேள்வி.

முதல் கியர் போட்டு எடுத்தாலே வண்டி குதித்து ஆஃப் ஆகிவிடுகிறது. ஏன்?

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முதல் நாள் கேட்பது இதைத்தான்.

என்ஜின் சும்மா ஓடும்போதே நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றுப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும். சக்கரமோ நிற்கிறது. சுற்றுகிற ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் எப்படிக் கோர்ப்பது? அதற்குத்தான் கிளட்ச். என்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்துக்கும், அதை நோக்கி அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் ஒரு தட்டு இருக்கிறது. கியர் வழியாகச் சக்கரத்தோடு இணைந்தது அதுதான். கிளட்ச் பெடலை மிதித்தால் அந்தத் தட்டின் மேல் உள்ள பிடி விட்டுப்போகும். காலை எடுக்க எடுக்கப் பிடி இறுகும். முதலில் உரசும், வழுக்கும், அப்புறம் ஒட்டிக்கொள்ளும். அந்த உரசலுக்கு ஓரிரு நொடி நேரம் கொடுத்தால் சக்கரம் மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். நேரம் கொடுக்காமல் காலைச் சட்டென்று எடுத்தால், நிற்கிற ஒரு டன் எடை என்ஜினை அமுக்கி நிறுத்திவிடும். குதிப்பதும் ஆஃப் ஆவதும் அதனால்தான். வண்டியில் கோளாறு ஒன்றுமில்லை.

சில வருடம் முன்பு ஆத்தங்குடிப் பக்கமிருந்து ஒரு பெண் பழக வந்தார். பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள தரை ஓடு) போடுகிற பட்டறையில் வேலை. முதல் நாள் ஏழெட்டுத் தடவை வண்டி ஆஃப் ஆனது. இரண்டாம் நாள் நான் கேட்டேன்: “கண்ணாடி மேல அச்சை வெச்சு கலரு ஊத்துறீங்கள்ல, அப்புறம் அச்சை எப்படித் தூக்குவீங்க?” “மெதுவாத்தாண்ணே. சட்டுனு தூக்குனா கலரு ஒண்ணோட ஒண்ணு கலந்துரும். ஒட்டுனது விடுற வரைக்கும் கையை நிதானிச்சு, விட்டுச்சுன்னு தெரிஞ்சதும் தூக்கிரலாம்” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அடுத்த முறை வண்டி நகர்ந்தது. கைக்குத் தெரிந்ததைக் கால் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

பயிற்சி இதுதான். சமதரையில், ஆள் இல்லாத பொட்டலில், என்ஜினை ஓடவிட்டு கிளட்சை முழுக்க மிதித்து முதல் கியர் போடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். கிளட்சை மட்டும் நூல் பிடித்த மாதிரி விடுங்கள். ஓர் இடத்தில் என்ஜின் சத்தம் லேசாகக் கம்மும், வண்டியின் மூக்கு அரை விரல் தூக்கும். அதுதான் பிடிக்கிற இடம். அங்கே காலை நிறுத்துங்கள். வண்டி எறும்பு மாதிரி நகரும். ரெண்டு மீட்டர் போனதும் மீதியை விடுங்கள். பிறகு மறுபடி மிதித்து, பிரேக் போட்டு நிறுத்துங்கள். இதை இருபது தடவை செய்யுங்கள். அலுப்பாக இருக்கும். அலுக்கும்போதுதான் கால் படிக்க ஆரம்பிக்கிறது. டீசல் வண்டியானால் இழுவை அதிகம் என்பதால் இது சுலபமாக வரும். பெட்ரோலில் கொஞ்சம் கூடுதல் நிதானம் வேண்டும்.

எந்த பெடல் எதற்கு என்று குழம்புகிறது.

வலமிருந்து இடமாக ஏ, பி, சி: ஆக்சிலேட்டர், பிரேக், கிளட்ச். முதல் இரண்டும் வலது காலுக்கு, கிளட்ச் மட்டும் இடது காலுக்கு. இடது கால் பிரேக் பக்கம் போகவே கூடாது. கிளட்சை ஓங்கி மிதித்துப் பழகிய கால் அதே வேகத்தில் பிரேக்கை மிதித்தால் உங்கள் நெற்றி ஸ்டீயரிங்கில் இருக்கும்.

செருப்பு போட்டு ஓட்டலாமா? சேலை கட்டிக்கொண்டு?

ரப்பர் செருப்பு வேண்டாம். வார் நழுவி பெடலுக்கு அடியில் மாட்டினால் பிரேக் இறங்காது. வெறுங்கால் பரவாயில்லை, ஆனால் கழற்றிய செருப்பைக் காலடியில் போடாதீர்கள், பின் சீட்டுக்குக் கீழே தள்ளிவிடுங்கள். சேலை கட்டுபவர்கள் உட்கார்ந்ததும் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். கிளட்ச் பெடலுக்கும் குதிகாலுக்கும் நடுவே துணி சிக்கி, காலை எடுக்க முடியாமல் முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சீட்டை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளட்சைத் தரை வரை மிதித்த பிறகும் இடது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் சீட் தூரம், தொடை ஸ்டீயரிங்கில் இடித்தால் சீட் கிட்டம்.

‘ஆஃப் கிளட்ச்’, அதாவது பெடலைப் பாதி மிதித்தபடி வைத்திருப்பது, கூடாது என்கிறார்கள். ஆனால் வண்டி எடுப்பதே அதில்தானே?

எடுக்கும்போது ஓரிரு நொடி அது வேண்டும். அங்கேயே குடியிருக்கக் கூடாது. ஐந்து விளக்குப் பக்கம் நெரிசலில் நிற்கும்போது பலர் பாதி கிளட்சில் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே தட்டு உரசி உரசிச் சூடாகும். கருகின வாடை வந்தால் அது உங்கள் கிளட்ச்தான். நின்றால் நியூட்ரல் (எந்த கியரிலும் இல்லாத நிலை) போட்டுக் காலை எடுத்துவிடுங்கள்.

தை மாதம் வந்தால் இந்தப் பாடம் தானாக நடக்கும். குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடி கிளம்பி நத்தம் வழியாகப் பழனிக்கு நடந்துபோகும் நாட்களில், அந்த ரோட்டில் ராத்திரி பகல் என்றில்லாமல் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். ஹாரன் அடிப்பதும் பிரயோசனமில்லை, அடிப்பது நன்றாகவும் இருக்காது. முதல் கியரில் கிளட்சை முழுக்க விட்டு, ஆக்சிலேட்டரையும் விட்டுவிட்டால் வண்டி தன்னால் நடை வேகத்தில் போகும். அதற்கும் மெதுவாக வேண்டுமென்றால் கிளட்சை மிதித்து உருளவிட்டு, மறுபடி விடுங்கள். பாதியில் பிடித்துக்கொண்டு நத்தம் வரை போனால் திரும்பி வரும்போது மெக்கானிக் செலவு காத்திருக்கும்.

ஓடும்போது இடது காலைப் பெடல் மேல் ‘சும்மா’ வைத்திருப்பதும் இதே தப்புதான். ஒழுங்காக ஓட்டினால் கிளட்ச் எழுபது, எண்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டும். தேய்ந்துவிட்டதா என்று பார்க்க: மூன்றாவது, நான்காவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் தட்டு வழுக்குகிறது.

எந்த வேகத்தில் எந்த கியர்?

சின்னப் பெட்ரோல் காருக்கு ஒரு தோராயக் கணக்கு: வண்டி உருண்டதும் பதினைந்து, இருபதுக்குள் இரண்டாவது, முப்பதில் மூன்றாவது, நாற்பத்தைந்தில் நான்காவது, அறுபது பக்கம் ஐந்தாவது. முதல் வாரம் மட்டும் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் காதைக் கேளுங்கள். வண்டி கத்தினால் மேல் கியர் கேட்கிறது. முக்கினால், ஸ்டீயரிங் அதிர்ந்தால், கீழ் கியர் கேட்கிறது. பாட்டு ஓடவிட்டுக்கொண்டு பழக வருபவர்களிடம் அதை முதலில் நிறுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்று: வேகத்தடையைத் தாண்டியதும் மூன்றாவதிலேயே மிதிக்கிற பழக்கம் நம்ம பக்கம் ரொம்ப. வண்டி முக்கி முக்கி நகரும். தடைக்கு முன்பே இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள்.

கியர் மாற்றும்போது குனிந்து பார்க்காமல் எப்படிப் போடுவது?

என்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றிலிருந்து ஐந்து வரை போட்டுப் பழகுங்கள். கம்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள். நியூட்ரலில் விட்டால் கம்பு தானே மூன்றுக்கும் நான்குக்கும் நேராக வந்து நிற்கும். அதனால் இரண்டிலிருந்து மூன்றுக்கு நேரே முன்னால் தள்ளினால் போதும். வளைத்து ஒடித்தால் ஐந்திலோ ஒன்றிலோ மாட்டும்.

நிறுத்தும்போது முதலில் கிளட்சா, பிரேக்கா?

பிரேக். கிளட்சை முதலில் மிதித்தால் என்ஜின் கொடுக்கும் தடை போய் வண்டி சுதந்திரமாக உருளும், நிற்கத் தூரம் கூடும். பிரேக்கில் வேகத்தைக் குறைத்து, வண்டி நிற்பதற்குச் சற்று முன்பு, முக்க ஆரம்பிக்கும்போது கிளட்ச். ஆடு குறுக்கே பாய்ந்துவிட்டதா? பிரேக்கை மட்டும் நினையுங்கள். ஆஃப் ஆனால் ஆகட்டும், மறுபடி ஸ்டார்ட் செய்துகொள்ளலாம்.

ஏற்றத்தில் வண்டி பின்னால் போகிறது. பின்னால் பஸ் வேறு நிற்கிறது!

செட்டிநாடு சமதரை. மலை என்று சொல்ல குன்றக்குடி இருக்கிறது, அதற்கும் படிதான். அதனால் ஏற்றம் பழக நான் கண்மாய்க் கரைக்குத்தான் கூட்டிப்போவேன். ரோடு கரை மேல் ஏறும் இடத்தில் பாதியில் நிறுத்தச் சொல்வேன். அங்கேதான் எல்லோருக்கும் கை வியர்க்கும்.

ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, பட்டனில் கட்டை விரலை வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியர். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுங்கள், என்ஜின் உறுமுவது சீராக இருக்கட்டும். கிளட்சை விடுங்கள், பிடிக்கிற இடம் வந்ததும் வண்டியின் பின்புறம் தாழும், மூக்கு உயரும். வண்டி போகத் துடிக்கிறது, ஹேண்ட் பிரேக் தடுக்கிறது. அந்த நிலையில் ஒரு மூச்சு விடுங்கள். பின்னால் போகாது என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு பட்டனை அமுக்கி ஹேண்ட் பிரேக்கைக் கீழே விடுங்கள். பலர் செய்யும் தப்பு, பயத்தில் ஹேண்ட் பிரேக்கை முதலில் விட்டுவிடுவது. கால் சொன்ன பிறகுதான் கை.

பஸ்காரர் ஹாரன் அடிப்பார். அவரும் ஒரு காலத்தில் பழகியவர்தான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் இதே வித்தைதான், வேறு தனியாக ஒன்றும் இல்லை.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாமே?

அந்தக் காலத்துக் கார்பரேட்டர் வண்டியின் கதை அது. கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்க பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சமும் இல்லை, என்ஜின் தடையும் போச்சு. இறக்கத்தில் சாவியையே அணைக்கிறவர்களும் உண்டு. பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

எங்கே பழகுவது?

முதல் மூன்று நாள் பொட்டல். அப்புறம் கானாடுகாத்தான், பள்ளத்தூர் மாதிரி ஊர்களின் உள் தெருக்கள். அகலமாக, நூல் பிடித்தாற்போல நேராகப் போகும், காலை ஆறு மணிக்கு நடமாட்டமும் இருக்காது. ஆனால் ஓர் எச்சரிக்கை. இங்கே வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும், முகப்பு இந்தப் பக்கம், பின்கட்டு அந்தப் பக்கம். மதில் உயரம். முக்குக்கு வந்தால் குறுக்குத் தெருவில் யார் வருகிறார் என்று மூக்கை நீட்டும்வரை தெரியாது. ஒவ்வொரு முக்கிலும் இரண்டாவது கியருக்கு வந்து, எட்டிப் பார்த்துப் போங்கள். வெறிச்சென்று கிடக்கிற தெருதான், ஆனால் பின்கட்டுக் கதவைத் திறந்து சைக்கிள் ஒன்று எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

மழை பெய்தால் தார் ரோட்டு ஓரத்தை விட்டுச் செம்மண்ணில் சக்கரத்தை இறக்காதீர்கள். சோப்புப் போட்ட மாதிரி இருக்கும். இறங்கிவிட்டால் முதல் கியரில் உறுமவிடாமல், இரண்டாவதில் மெல்ல எடுத்துப் பாருங்கள்.

ரிவர்ஸ் எடுத்தால் எங்கேயோ போகிறது.

ரிவர்ஸில் ஆக்சிலேட்டரை மறந்துவிடுங்கள். பிடிக்கிற இடத்தில் கிளட்சை வைத்து, வேகத்தைக் கிளட்சாலேயே கட்டுப்படுத்துங்கள். வண்டி எடுக்கும் ஓரிரு நொடியை விட்டால், ஆஃப் கிளட்ச் மன்னிக்கப்படுகிற ஒரே இடம் இது. வண்டி முழுக்க நின்ற பிறகு ரிவர்ஸ் கியரைப் போடுங்கள், இல்லையென்றால் ‘கர்ர்’ என்று கத்தும். நம்ம வீடுகளின் பின்பக்கக் கொட்டகை வாசல்கள் மாட்டுவண்டிக்கு அளவெடுத்தவை. இரண்டு பக்கமும் நாலு விரல்தான் மிஞ்சும். கண்ணாடியை மடக்கிவிட்டு, ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். “வரலாம், வரலாம்” என்று மட்டும் சொல்பவர் வேண்டாம், “நில்” என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) போட்டால் எப்போது டெஸ்ட்?

18 வயது நிறைந்திருக்க வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடி. பழகும் வண்டியில் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ வேண்டும், பலகை 18 சென்டிமீட்டர் சதுரம். பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பையனுக்கு 16 வயது. ஊருக்குள்தானே, சும்மா ஓட்டிப் பார்க்கட்டுமே?

வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு.

தம்பி, எனக்கு 58 வயசாச்சு. இனிமே வருமா?

வரும் ஆச்சி. இளவட்டங்கள் பத்து நாளில் பிடிப்பதை நீங்கள் இருபது நாளில் பிடிப்பீர்கள், ஆனால் மறக்கமாட்டீர்கள். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், பெரிய வீட்டில் தனியாக இருக்கிற ஆச்சிகள் நாலைந்து பேர் என்னிடம் பழகியிருக்கிறார்கள். பயத்தில் வேகம் போகமாட்டார்கள், சொன்னதைச் செய்வார்கள். முழங்கால் வலி இருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். கிளட்ச் இலேசான வண்டியாகப் பார்க்கலாம். வலி அதிகம் என்றால் ஆட்டோமேட்டிக்தான் சரி, அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வீட்டுக்காரரே சொல்லித்தரலாமா?

சட்டம் அனுமதிக்கிறது. வீட்டுச் சமாதானம் அனுமதிக்குமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் அந்த முயற்சி முடிந்த பிறகு வருபவர்கள்.

சிங்கப்பூரிலிருந்து பேரன் வருகிறான், அங்கே லைசென்ஸ் இருக்கிறது. இங்கே வண்டியைக் கொடுக்கலாமா?

முதலில் எந்த லைசென்ஸ் என்று கேளுங்கள். சிங்கப்பூரில் 3ஏ, மலேசியாவில் டிஏ என்றால் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும் வாங்கியது. ரோடு விதி தெரிந்திருக்கும், கிளட்ச் தெரியாது. இங்கே ஓட்டத் தேவையான பெர்மிட் முதலில் சரியாக இருக்க வேண்டும். அப்புறம் பொட்டலில் இரண்டு காலை வேளை, மேலே சொன்ன இருபது தடவைப் பயிற்சி. கல்யாணத்துக்கு முதல் நாள் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஐயா காலத்து அம்பாசடர் கொட்டகையில் நிற்கிறது. அதில் பழகலாமா?

ஆசை புரிகிறது. ஆனால் கியர் கம்பு ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய வண்டி என்றால் முதல் கியரில் சின்க்ரோமெஷ் (கியர் பற்களின் வேகத்தைச் சமன் செய்து வழுக்கென்று விழவைக்கும் ஏற்பாடு) இருக்காது. வண்டி முழுக்க நிற்காமல் அதில் விழாது, கிளட்சும் கல் மாதிரி. வேறு வண்டியில் பழகிவிட்டு வாருங்கள், அப்புறம் அது சொர்க்கம்.

நிறுத்திவிட்டு இறங்கும்போது கியரில் விடலாமா, நியூட்ரலா?

கியரில்தான். சமதரையிலும் ஏற்றத்தைப் பார்த்து நின்றாலும் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ், கூடவே ஹேண்ட் பிரேக். ஸ்டார்ட் செய்யும்போது கிளட்சை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். இது எனக்கு யாரும் சொல்லித்தந்து வந்ததல்ல. தொழிலுக்கு வந்த புதிதில், ஓர் ஊரணிக்கரையில் வண்டியை நியூட்ரலில், அரைகுறை ஹேண்ட் பிரேக்கில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். கிளாஸ் பாதி இருக்கும்போது கடைக்காரர், “அண்ணே, உங்க வண்டி குளிக்கப் போகுது” என்றார். திரும்பிப் பார்த்தால் ‘எல்’ பலகையோடு முன் சக்கரம் இரண்டும் தண்ணீரில். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் இறங்க, காலையில் பழக வந்திருந்த பையன் கரையில் நின்று, “அண்ணே, இப்ப எந்த கியர்?” என்று கேட்டான்.